‘அசதி’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள்: இரும்புச்சத்துக் குறைவை மருத்துவர் காதில் ஏற்றும் வழி

விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பெண்களில் பெரும்பாலோர் இரண்டு மாநில மருத்துவர்களிடமும் உடம்பைக் காட்டுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கம்பத்தில் ஒருவரிடமும், வேலை நாளில் முடியாமல் போனால் வண்டன்மேட்டிலோ கட்டப்பனையிலோ கிடைத்த ஒருவரிடமும் போகிறார்கள். இருவரிடமும் சொல்வது ஒரே சொல்தான்: “அசதியா இருக்கு.” இருவரும் தருவதும் அநேகமாக ஒன்றுதான்: ஒரு சத்து ஊசி, ஒரு டானிக், கூடுதலாகக் கேட்டால் ஒரு குளுக்கோஸ் பாட்டில்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அப்படியிருந்தும், தோட்ட வேலைக்குப் போகும் என் சொந்த அக்காவுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருப்பதைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகளும் ஐந்து மருத்துவர்களும் தேவைப்பட்டார்கள். முதல் நால்வரையும் அக்கறையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ‘அசதி’ என்ற சொல் எதையும் சுட்டுவதில்லை. தூக்கமின்மை, தைராய்டு, சர்க்கரை, மனக்கவலை, வெறும் வேலைக் களைப்பு எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். ஐந்தாவது மருத்துவரிடம் அக்கா தற்செயலாக வேறு மாதிரி பேசினாள். “போன வருஷம் எடுத்த காயில் பாதிகூட இப்போ எடுக்க முடியலைங்க, மேட்டுல ஏற மூணு இடத்துல உட்கார வேண்டியிருக்கு, ராத்திரியில பச்சரிசியை அள்ளித் தின்கிறேன்” என்றாள். எழுதிக்கொண்டிருந்த அவர் பேனாவை வைத்துவிட்டு, “அரிசியா? எவ்வளவு நாளாக?” என்று கேட்டார். அன்றுதான் சரியான பரிசோதனைச் சீட்டு எங்கள் கைக்கு வந்தது.

ஆகவே முதல் வேலை வீட்டிலேயே, மருத்துவமனைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குகிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, உடம்பால் எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காய் எடுப்பில் கூலிக்காக எடை போடுகிறார்களே, அதைவிடச் சிறந்த அளவுகோல் எந்த மருத்துவமனையிலும் கிடையாது. சென்ற ஆண்டு இதே மாதம் எத்தனை கிலோ, இந்த மாதம் எத்தனை கிலோ என்று எழுதுங்கள். வீட்டோடு இருப்பவர்கள் ஒரு குடம் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோக இடையில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று எழுதலாம். எப்போது தொடங்கியது என்பதற்குத் தேதி நினைவில்லாவிட்டால், வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்பா பின்பா, சின்னவன் பள்ளிக்கூடம் சேர்ந்ததற்கு முன்பா என்று ஏதாவது ஓர் அடையாளத்தோடு சொல்லுங்கள். ‘ரொம்ப நாளாக’ என்பதைவிட அது நூறு மடங்கு மேல்.

அடுத்து, வெட்கத்தால் மறைக்கும் விஷயங்கள். இரும்புச்சத்துக் குறைவின் தெளிவான தடயங்களில் சில, பெண்கள் வாய்விட்டுச் சொல்லவே கூசுகிறவை. பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், செங்கல் தூள், மண், ஐஸ் கட்டி ஆகியவற்றைத் தின்ன வேண்டும் என்ற அடக்க முடியாத ஆசை அவற்றுள் ஒன்று. பிள்ளைத்தாய்ச்சிக்கு அது இயல்பு என்று நம் வீடுகளில் சிரித்து விட்டுவிடுவார்கள். கர்ப்பமாக இல்லாதவரிடமும் வரும், கர்ப்பிணியிடம் வந்தாலும் பார்க்கப்பட வேண்டியதுதான். இரவில் படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, நாக்கு வழவழப்பாகி எரிவது, வாயோரம் புண்ணாவது, நகம் குழிந்து கரண்டிபோல் ஆவது, தலைமுடி கொத்தாகக் கொட்டுவது, காதில் நாடித்துடிப்பு கேட்பது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று தனியாக இருந்தால் பெரிய பொருளில்லை. மூன்று நான்கு சேர்ந்து, மேடேறும்போது மூச்சு வாங்குவதும் கூடினால் எந்த மருத்துவரும் ஒதுக்கித்தள்ளத் தயங்குவார்.

மாதவிடாயைப் பற்றிச் சொல்லும்போது ‘கொஞ்சம் அதிகம்’ என்று சொல்லக் கூடாது. மாதாமாதம் அப்படியே வந்து பழகியவருக்கு அதிகம் எது, குறைவு எது என்று தெரியாது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்பார்கள், அம்மாவுக்கும் ரத்தசோகை இருந்திருக்கலாம் என்பதை நினைப்பதில்லை. எண்ணிச் சொல்லுங்கள். ஏழு நாளைத் தாண்டுகிறதா? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் முழுவதும் நனைந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்றால், மாத்திரை கேட்பதோடு நிறுத்தாமல் இந்தப் போக்குக்கான காரணத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருப்பது ஸ்கேனில் எளிதில் தெரிந்துவிடும். ஓட்டை அடைக்காத தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு மொழியாலும் ஒரு சிக்கல் உண்டு. இடுக்கியின் மருத்துவர்களில் பலருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். இருந்தாலும், இரு மொழியிலும் ஒரே ஒலியுள்ள சில சொற்கள் காலை வாரிவிடும். நாம் தலைசுற்றலை ‘மயக்கமா வருது’ என்கிறோம். மலையாளத்தில் மயக்கம் என்றால் பெரும்பாலும் அரைத்தூக்க நிலை. நின்ற இடத்தில் கண் இருட்டிக்கொண்டு வருவதற்கு அங்கே ‘தலகறக்கம்’ என்று சொல்ல வேண்டும். மூச்சு வாங்குவதற்குக் ‘கிதப்பு’, களைப்புக்கு ‘க்ஷீணம்’, ரத்தசோகைக்கு ‘விளர்ச்ச’, மாதவிடாய்க்கு ‘மாசமுற’ என்பவை அவர்களுடைய சொற்கள். இந்த ஐந்தையும் ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். ‘விளர்ச்ச’ என்ற சொல் இப்போது அங்கே சுகாதாரத் துறைச் சுவரொட்டிகளில் எல்லாம் இருக்கிறது. 2023-இல் கேரள அரசு தொடங்கிய ‘விவா கேரளம்’ என்ற ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தின் பெயரிலேயே ‘விளர்ச்சயில் நின்னு வளர்ச்சயிலேக்கு’ (ரத்தசோகையிலிருந்து வளர்ச்சிக்கு) என்பது ஒளிந்திருக்கிறது.

எத்தனை தெளிவாகச் சொன்னாலும், “இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க எல்லாருக்கும் இப்படித்தான்” என்ற பதில் வரலாம். அந்தப் பதிலில் ஓர் உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு, கேரளத்தில் 36.3 விழுக்காடு. பார்க்கும் பெண்களில் பாதிப் பேருக்கு ஒன்று குறைவாக இருந்தால், அந்தக் குறைவே கண்ணுக்கு இயல்பாகிவிடுகிறது. ஹீமோகுளோபின் 10.5 என்று அறிக்கையில் இருந்தாலும் “பரவாயில்லை, பத்துக்கு மேலே இருக்கே” என்று சொல்லத் தோன்றுகிறது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழும், ஆணுக்கு 13-க்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பலருக்கு இருக்கிறது என்பதால் அது நோயில்லை என்று ஆகிவிடாது. இதை மருத்துவரிடம் வாதமாக எடுத்து வைக்க வேண்டாம், “பன்னிரண்டுக்கு மேல் போனால் இந்த மூச்சு வாங்குவது குறையுமா டாக்டர், பார்த்துவிடலாமா?” என்று கேட்டால் அதே பொருள்தான், கோபம் வராது.

இனி ஹீமோகுளோபின் 12.3 என்று வந்து, “ரத்தம் நன்றாக இருக்கிறது, மனசைத் தளர விடாதீர்கள்” என்று அனுப்பப்பட்டவர்களின் கதை. இவர்கள்தான் அதிகம் அலைகிறவர்கள், ஆதலால் இவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எவருக்கும் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பத்திரிகையில் பார்க்கும் பழக்கம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக அணை நிரம்பியிருக்கிறது என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. அணை இறங்கிக்கொண்டே இருக்கும்போதும் வாய்க்கால் ஓடும், அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் வாய்க்கால் வற்றும். ஹீமோகுளோபின் என்பது வாய்க்கால். அணையின் மட்டத்தைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறொரு பரிசோதனை. உடம்பு சேமிப்பில் உள்ள இரும்பை முதலில் எடுத்துச் செலவழித்து ரத்தத்தின் அளவைத் தாங்கிப் பிடிக்கிறது. சேமிப்பு தீர்ந்த பின்புதான் ஹீமோகுளோபின் இறங்குகிறது. களைப்பு, முடி கொட்டுதல், கால் குடைச்சல் ஆகியவை அந்த இடைக்காலத்திலேயே தொடங்கிவிடக்கூடும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “டாக்டர், ஃபெரிட்டின் ஒருமுறை பார்த்துவிடலாமா?” ‘அயர்ன் டெஸ்ட்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், சீரம் அயர்ன் என்ற ஒன்றை மட்டும் எழுதிவிடுவார்கள், அது ஒரே நாளில் காலையும் மாலையும் மாறும், முந்தைய நாள் போட்ட மாத்திரையாலும் ஏறும். ஃபெரிட்டினுக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் பார்க்கமாட்டார்கள். நம் பக்கத்தில் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டுக் கேட்கலாம், அவசரமானால் தனியார் கூடத்தில் கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பார்க்கலாம்.

முடிவைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 15-க்குக் கீழ் இருந்தால் நலமாக உள்ள பெரியவருக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். 30-க்குக் கீழ் இருந்தாலே குறைவு என்று எடுத்துக்கொள்ளும் மருத்துவர்கள் பலர். ஆனால் எங்கள் கூடங்களில் அச்சடிக்கும் ‘நார்மல்’ எல்லை சில இடங்களில் பத்திலிருந்தே தொடங்குவதால், 13 என்று வந்த அறிக்கையில் எச்சரிக்கைக் குறியே விழாது. குறி விழாத எண்ணை நெரிசலில் யாரும் பார்ப்பதில்லை. நீங்களே அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, “இது முப்பதுக்குக் கீழே இருக்கிறதே, எனக்கு இருக்கிற தொந்தரவோடு சேர்த்துப் பார்த்தால் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. காய்ச்சல், மூட்டு வீக்கம், நாட்பட்ட தொற்று, ஈரல் கோளாறு ஆகியவை இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். நோய்த்தொற்று உள்ள பெரியவருக்கு 70-க்குக் கீழ் இருந்தாலே குறைவாகக் கருதலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே சளி காய்ச்சல் அடங்கிய பிறகு ரத்தம் கொடுப்பது நல்லது. காத்திருக்க முடியாவிட்டால், காய்ச்சல் இருந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சாதாரண ரத்த எண்ணிக்கை அறிக்கையிலும் தடயம் கிடைக்கும். எம்.சி.வி. என்ற வரியில் 80-க்குக் கீழ் இருந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துவிட்டன என்று பொருள், ஆர்.டி.டபிள்யூ. ஏறியிருந்தால் அவை பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றன என்று பொருள். என் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 10.4, எம்.சி.வி. 71, ஆர்.டி.டபிள்யூ. 18, பின்னால் பார்த்த ஃபெரிட்டின் 6. அந்த 71 அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய அறிக்கையில் 76 ஆக இருந்திருக்கிறது. அந்தத் தாளை அச்சடித்துக் கொடுத்தவளே நான்தான் என்பதை இன்னும் என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

சிறுத்த சிவப்பணு எல்லாமே இரும்புக் குறைவல்ல. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபைச் சுமப்பவர்களுக்கும் எம்.சி.வி. குறைவாகவே இருக்கும், ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை உயர்ந்திருக்கும். எம்.சி.வி.யை, மில்லியன் கணக்கில் தரப்படும் அந்த எண்ணிக்கையால் வகுத்து 13-க்குக் கீழ் வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகம் சாயும் (அக்காவுக்கு 71-ஐ 4.1-ஆல் வகுத்தால் 17). இது குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. இரும்புச்சத்துக் குறைவே இல்லாத ஒருவர் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை போட்டுக்கொள்வதும் கெடுதல் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம்: இரும்புச்சத்துக் குறைவு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை உண்மையைவிட உயர்த்திக் காட்டக்கூடும்.

மருத்துவர் பரிசோதனை வேண்டாம் என்றே சொன்னால் என்ன செய்வது? சண்டை போட்டுப் பயனில்லை. நம் ஊரில் அடுத்த முறையும் அதே அறையில்தான் போய் உட்கார வேண்டும். நான் கண்ட வழி, மறுப்பைத் தாளில் ஏற்றுவது. “சரிங்க டாக்டர், என் தொந்தரவுகளையும் எதனால் என்று நீங்கள் நினைப்பதையும் சீட்டில் எழுதித் தந்தால், ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்” என்று பணிவாகக் கேளுங்கள். காரணத்தை எழுத உட்காரும்போது பாதிப் பேர் மனம் மாறிவிடுகிறார்கள். மாறாவிட்டாலும், அடுத்தவரிடம் கொண்டுபோக உங்கள் கையில் ஒரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டு ஓ.பி. சீட்டு, கேரளத்து ஓ.பி. டிக்கெட், பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். இரண்டு மாநிலத்திலும் மாறி மாறிக் காட்டுகிறவருடைய முழு வரலாறு எந்த மருத்துவமனைக் கணினியிலும் இல்லை. அந்த உறையில்தான் இருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன.

கூட வருபவர் யார் என்பதும் முக்கியம். கணவரோ மகனோ வந்தால் மாதவிடாய்ப் பேச்சு நின்றுவிடும். தனியாகப் போனால் பாதி மறந்துவிடும். ஜீப்பில் கூட வரும் தோழி, நாத்தனார், மதினி என யாராவது ஒரு பெண்ணை அழைத்துச் செல்லுங்கள். “இவ முன்ன மாதிரி இல்லைங்க, நாங்க பாத்துக்கிட்டுதானே இருக்கோம்” என்று அவர் சொல்லும் ஒரு வரிக்குத் தனி எடை உண்டு.

குறைவு உறுதியானதும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். எதனால் என்று கேட்காமல் அறையை விட்டு எழுந்துவிடாதீர்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எண்டோஸ்கோபி (குழாய்க் கேமரா விட்டு உள்ளே பார்ப்பது) பற்றி மருத்துவர் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள். மூலம் இருந்தால் மறைக்காதீர்கள். முதுகுவலிக்குத் தினமும் போடும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். ‘கேஸ் மாத்திரை’ நாள்பட்டால் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரண்டையும் பெயரோடு சொல்ல வேண்டும். தோட்டத்து ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு வரலாம். மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் நாள்தோறும் ரத்தத்தைக் குடிப்பது கண்ணுக்குத் தெரியாமல் குடலில் இருக்கும் அந்தப் புழுதான். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

மாத்திரை கொடுத்துவிட்டால், கட்டன் சாயாவோடு விழுங்காதீர்கள். தேநீருக்கும் காப்பிக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும், கால்சியம் மாத்திரையையும் தனியே போட வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பது இயல்பு. வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் திரும்பிப் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். அப்படிப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக இரும்பை எடுத்துக்கொள்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நிறுத்திவிட்டு அடுத்த முறை “போட்டேன், கேட்கவில்லை” என்று சொல்வது உங்களையே ஏமாற்றும்; மருத்துவர் வேறு நோயைத் தேடப் புறப்பட்டுவிடுவார். மாத்திரை அட்டையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சில மாத்திரைகளே சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து.

சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயங்கி விழுதல், கருநிற மலம் தார்போலப் பிசுபிசுப்பாகப் போவது, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் ஆகியவற்றில் எதற்கும் இந்தக் கட்டுரையின் பொறுமை பொருந்தாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், 108-ஐ அழையுங்கள்.

ஒரு மாதத்தில் அதே கூடத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கூடம் மாறினால் எண்ணும் சற்று மாறும். மாத்திரை வேலை செய்தால் ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு கிராம் ஏறியிருக்கும். ஏறாவிட்டால், “இனி ஏன் ஏறவில்லை என்று பார்க்கலாமா, ஊசி வழியாக இரும்பு ஏற்றுவது எனக்குப் பொருந்துமா?” என்பது அடுத்த கேள்வி. சத்து ஊசி வேறு, இரும்பு ஏற்றும் ஊசி வேறு. மருந்தின் பெயரைச் சீட்டில் பார்த்துவிடுங்கள். ஏறினாலும் அத்தோடு நிறுத்தக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அணை இன்னும் நிரம்பவில்லை. எண் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வது வழக்கம். அக்கா அதற்கு முன்பே நிறுத்தப் பார்த்தாள். ஃபெரிட்டின் 22 என்று வந்த தாளைக் காட்டித்தான் மீதியையும் போட வைத்தேன். இப்போது மேட்டில் ஓரிடத்தில் மட்டும் உட்காருகிறாள். அதுவும் வெற்றிலை போடுவதற்காக என்கிறாள்.